ஈவியின் குரல் தனியாகப் பாடிய மாலை

லேப்டாப்பின் மேல் ஐஸ்கிரீம் கப்பை வைத்தவன் நான்தான். இதை இங்கே முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்துவிட்டு, சொல்லத் தேவையில்லாத இடத்தில் முந்திக்கொள்வது என் சுபாவம்.

கல்யாண வரவேற்பில் கச்சேரிக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கடைசிப் பந்தியில் சோறும் ரசமும் மிஞ்சினால் உண்டு. அன்று மேற்குத் தாம்பரம் மண்டபத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர், என் சட்டை முதுகில் 'தேவானந்தம் மெல்லிசைக் குழு' என்று அச்சடித்திருந்ததைக் கவனிக்காமல், முன்பக்கத் தொப்பையை மட்டும் பார்த்துப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று முடிவு செய்துவிட்டார். கையில் ஒரு கப் பட்டர்ஸ்காட்ச்சை வைத்து, "வேணும்னா இன்னொண்ணு கேளுங்க சார்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷமாக சவுண்ட் வேலை பார்க்கிறேன். மண்டபத்தில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அந்தக் கப்பைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேல் வைத்தால் ஒழுகி உள்ளே இறங்கும் என்று யோசித்து, வெகு புத்திசாலித்தனமாக லேப்டாப்பில், கைவைக்கும் இடத்தில் வைத்தேன்.

மேடையில் எங்கள் பாடகி ஈவி பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தப் பாட்டு. 'ஹோல்டான் ஹோல்டான், நான் இன்னும் இறங்கலையே' என்று தொடங்கும். எங்கள் குழுவில் வாத்தியக்காரர்கள் குறைந்து வெகுநாளாயிற்று. ஒரு கீபோர்டு, தாளத்துக்கு ஒரு பேட், மிச்சமெல்லாம் லேப்டாப்தான். பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் இருப்பதை மைனஸ் என்போம். கச்சேரியில் அதை ஓடவிட்டு, மேலே நேரடியாகப் பாடுவார்கள். குரலோடு இருப்பது ப்ளஸ். பாடகர்கள் வீட்டில் கேட்டுப் பழகிக்கொள்வதற்காக என் மாடியறையில் அவர்களையே பாடவைத்து ஒரு ப்ளஸ் பண்ணித் தருவேன். ஈவிக்கும் பண்ணிக் கொடுத்திருந்தேன். இரண்டும் லேப்டாப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

இரண்டாவது சரணத்தில் கப் சரிந்தது. உருகிய ஐஸ்கிரீம் லேப்டாப்பின் தொடுபலகையில் பரவியது. கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்த துடைப்பில் அம்புக்குறி எங்கோ ஓடி எதையோ அழுத்தியது. மைனஸ் நின்று ப்ளஸ் தொடங்கியது. மண்டபத்தில் திடீரென்று இரண்டு ஈவிகள். ஒருத்தி சரணத்திலும் இன்னொருத்தி பல்லவியிலும் இருந்தார்கள்.

அப்போதாவது லேப்டாப்பை நிறுத்தியிருக்கலாம். நான் மிக்சரில் அதன் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தேன். பிசுபிசுத்த விரல் பக்கத்திலிருந்த குமிழில் ஒட்டிக்கொண்டு அதைக் கீழே இழுத்தது. அது ஈவியின் மைக்.

ஈவிக்குத் தன் சத்தம் தனக்கே கேட்காமல் போயிற்று. மைக்கை வாயிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன. ஸ்பீக்கரில் அவள் குரல் ஒரு குறையும் இல்லாமல், உற்சாகமாக, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா வாயே அசைக்கல, பாட்டு மட்டும் போய்க்கினு கீது பாரு" என்றார் முன்வரிசையில் ஒருவர். மொய்க்கவரோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அதுவரை கச்சேரி என்று ஒன்று நடப்பதையே கவனிக்காத கூட்டம், மொத்தமாகக் கைபேசியை உயர்த்தியது. மணமகன்கூடச் சிரித்தான். நான் லேப்டாப்பை ஐஸ்கிரீமோடு சேர்த்து மூடினேன். அதன் பிறகு வந்த அமைதிக்கு அந்தச் சிரிப்பே தேவலாம்.

தேவானந்தம் சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். என் முழங்கைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அறிவிப்பு மைக் இருக்கும். அதை எடுத்தார்.

"பெரியோர்கள் மன்னிக்கணும். சகோதரிக்கு ரெண்டு நாளா தொண்டை சரியில்ல. நிகழ்ச்சி நின்னுடக் கூடாதேன்னு அவங்க கேட்டுக்கிட்டதால ரெக்கார்டிங் போட்டோம். எங்க குழுவோட எந்திரத்துல எந்தக் கோளாறும் இல்ல. அடுத்த பாடல் நேரடியாவே வரும்."

சொல்லிவிட்டு மைக்கை எடுத்த இடத்திலேயே வைத்தார். அது அணையவில்லை. சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈவி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் துடைக்கப் பிசுக்கு போகவே இல்லை.

மூன்றாவது வரிசையில் ராகவேந்திரா எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினார். அவர் ஒரு சினிமா இசையமைப்பாளரிடம் உதவியாளர்; முன்னொரு காலத்தில் எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர். துறைமுகத்தில் நடக்கும் ஒரு பாட்டுக்கு ஆப்பிரிக்கப் பெண்குரல் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரைக் கெஞ்சி அந்த வரவேற்புக்கு வரவழைத்தவனும் நான்தான். "ரூம்ல யார் வேணா பாடிடுவாங்க கிட்டு. ஸ்டேஜ்ல, கூட்டத்துல, லைவ்வா எப்டி நிக்கறாங்கன்னு பாக்கணும். நல்லா இருந்தா படத்துல பேர் வரும்" என்று சொல்லியிருந்தார்.

அவர் சாப்பிடாமலே போனார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த மண்டபத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது.

*

ஈவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தன்னைப் பற்றி எப்போதும் விளையாட்டாகத்தான் சொல்வாள். வேனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கச்சேரிக்கும் இன்னொன்றுக்கும் இடையில், அரைகுறையாக. நான் ஒட்டவைத்துக்கொண்டது இது.

ஊர் நைஜீரியாவில் பெனின் நகரம். அம்மா சந்தையில் சுட்ட மீன் விற்றவள். மீன் விற்கும்போது அம்மா போட்ட கூவல்தான் தன் முதல் சங்கீதப் பாடம் என்பாள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடி, இருபது வயதில் லாகோஸுக்குப் பஸ் ஏறினாள். ஒரு ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்கினாள். அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். பகலில் யாராவது பாடகி வராவிட்டால் பின்னணியில் 'ஊ', 'ஆ' பாடுவாள். அந்த ஊர் மஞ்சள் வேன்களில் இறங்க வேண்டியவர்கள் 'ஓ வா' என்று கத்துவார்களாம். கத்தியும் நிறுத்தாத ஒரு டிரைவரைத் திட்டி ஒரு பாட்டுக் கட்டினாள். ஸ்டுடியோ முதலாளி அதைப் பதிவு செய்து, அவளுக்கு 'குயின் ஓவா' என்று ஒரு பேரும் வைத்து வெளியிட்டார்.

அந்த வருஷம் லாகோஸில் எந்த வேனில் ஏறினாலும் அந்தப் பாட்டுத்தானாம். "நானும் அதே வேன்லதான் நின்னுகினே போவேன் கிட்டு அண்ணா. என் பாட்டு ஓடிகினு இருக்கும். கண்டக்டர் என்னியே பாத்து, உள்ள போம்மா, வழிய வுடுன்னு கத்துவான்." பெரிய மைதானங்களில் பாடினாள். வாசலில் கார் வந்து நின்றது. அவள் ஓட்டக் கற்றுக்கொள்வதற்குள் திரும்பிப் போனது. இரண்டாவது பாட்டும் மூன்றாவது பாட்டும் எடுபடவில்லை. முகம் வெளுக்க ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவினாள். தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போனபோது உள்ளே 'குயின் ஓவா' ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு பெண். பாட்டும் பேரும் முதலாளிக்குச் சொந்தம் என்று ஈவி எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாளாம்.

அப்புறம் ஒரு ஓட்டலில், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே பாடும் வேலை. அந்த ஓட்டலின் ஏசி எந்திரத்தைப் பழுதுபார்க்கப் போனவன், அப்போது லாகோஸில் வேலைபார்த்த சேலையூர் ஐசக். "எல்லாரும் கோழிய பாத்தாங்க. இவரு ஒருத்தர்தான் என்னப் பாத்தாரு. ஏசி அவர் பாக்கவே இல்ல, அதான் அந்த ஓட்டல்ல வேலை போச்சு" என்பாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு சேலையூர் வந்து ஒன்பது வருஷம். மாமியார் ஞானசௌந்தரி டீச்சரிடம் தமிழ் கற்றாள். அது வேதாகமத் தமிழ். தெருவில் மீன் கொண்டுவரும் செல்வம்மாளிடம் இன்னொரு தமிழ் கற்றாள். சபையில் போய், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பாஸ்டர், சமாதானமாயிருக்கிறீர்களா" என்பாள். வாசலுக்கு வந்து, "இன்னா செல்வம்மா, மீனு கண்ணுலாம் பஞ்சடைஞ்சு கீது, இத என் தலைல கட்டப் பாக்கறியா" என்பாள். செல்வம்மாள் அவளிடம் மட்டும் முதல் பேச்சிலேயே சரியான விலை சொல்வாள்.

'ஓ வா'வை, நம்மூர் பஸ்ஸில் நிறுத்தச் சொல்லிக் கத்தும் 'ஹோல்டான்' என்று தமிழில் மாற்றிக்கொடுத்தது நான். எனக்கும் கவிஞன் ஆக ஆசை உண்டு, ஆசைக்கு என்ன. ராகவேந்திரா வருகிறார், படத்தில் பேர் வரும் என்று நான் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"யார் பேரு அண்ணா?"

"உன் பேருதான்மா. ஈவி."

"கேட்டு வச்சிக்கோ. அவங்களா வைக்கிற பேரு வேணாம். என் பேரு."

*

வரவேற்பு முடிந்து சமையற்கட்டுப் பின்பக்கம் சாப்பிட உட்கார்ந்தோம். தேவானந்தம் சார் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே, ஈவியைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மிஷின் ரிப்பேர்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் புக் பண்ண மாட்டான். தொண்டைன்னா மனுஷனுக்கு வர்றதுதானேன்னு விட்டுடுவாங்க."

"ராகவேந்திரா சார் இன்னா சொன்னாரு?" என்றாள் ஈவி.

"அவர் ஏதோ அவசரமா கெளம்பிட்டார்."

"நான் போன் போட்டுச் சொல்றேன்" என்றேன் நான்.

"இன்னான்னுடா சொல்வ?" தேவானந்தம் சார் இப்போது என்னைப் பார்த்தார். "எங்க சவுண்ட் இன்ஜினீயர் ஐஸ்கிரீம் துன்னாருன்னா? அவன் இதே ஃபீல்டுல இருக்கறவன். அப்புறம் உன்ன எவன் கூப்பிடுவான்? உன் பையன இப்பதான் காலேஜ்ல சேத்திருக்க. விடு கிட்டு. ரெண்டு நாள் போனா மறந்துடுவாங்க."

நான் விட்டேன். எனக்கு விடச் சொன்னால் போதும். ஈவி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "உனக்கு மட்டும் ஐஸ்கிரீம் எப்டி குட்தாங்க? எனக்கு அத சொல்லு மொதல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்ததால் விஷயம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமாக இருந்தால் எதையும் சுலபமாக எடுத்துக்கொள்வேன்.

யாரும் மறக்கவில்லை. 'கையும் களவுமாகப் பிடிபட்ட ஆப்பிரிக்கப் பாடகி' என்ற தலைப்போடு வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. என் மனைவி ஜோதிலட்சுமியின் அடுக்குமாடிக் குழுவில் வந்தது. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் எனக்கே அனுப்பி, சிரிக்கும் முகம் நான்கு போட்டிருந்தார். வீடியோவின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது. துடைத்துக்கொண்டிருக்கிறது.

மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வேணும்னா பண்ணீங்க? விடுங்க" என்றாள்.

*

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு காலையில் சேலையூருக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் மாடிவீடு. ஐசக் ஏசி சர்வீஸுக்குப் போயிருந்தான். ஞானசௌந்தரி டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவர். கீரையைக்கூடச் சரி, தவறு என்று பிரிப்பதுபோல்தான் இருந்தது.

"உக்காருங்க தம்பி. எனக்கு ஒண்ணு தெளிவாகணும்" என்றார். "இவ விடியக்காலம் பாடுறா. கிச்சன்ல பாடுறா. நான் ஜெபம் பண்ணும்போதும் பாடுறா, வேண்டாம்மான்னாலும் பாடுறா. தொண்டை சரியில்லாம நான் இவளப் பாத்ததே இல்ல. அப்படிப்பட்டவ எதுக்கு ரெக்கார்டு போடச் சொல்லணும்?"

"அது வந்து, டெக்னிக்கல் ஃபால்ட் ஆன்ட்டி."

"யாரோட ஃபால்ட்?"

ஈவி உள்ளே தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் நின்றது.

"கரண்ட்டு" என்றேன். "மண்டபத்து லைன்ல ஏத்த இறக்கம். மழைக்காலம் வேற."

டீச்சர் ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தார். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"சபைல வர்ற ஞாயித்துக்கிழமை இவ தனியா பாடுறதா இருந்துச்சு. ஏவாள் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லிட்டாங்க." சபையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஜோசலின் பாடப்போறா. நல்ல பிள்ளைதான். ஸ்வரம்தான் நிக்காது. நான் போய்ப் பேசுறேன்னு சொன்னேன், இவ வேண்டாங்குறா. எனக்கு வெக்கமா இருக்கு தம்பி. இவளப் பத்தி இல்ல. அந்த வீடியோவ எனக்கு அனுப்பினதே என்கிட்டப் படிச்ச பொண்ணு. நானும் ஒரு நிமிஷம் இவள சந்தேகப்பட்டுட்டேன். ஒன்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கேன், சந்தேகப்பட்டுட்டேன்."

ஈவி சிவப்புச் சோறும் வறுத்த மீனும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர்கள் ஊர்ச் சமையல். தக்காளியும் மிளகாயும் அரைத்துச் சோற்றோடு வேகவைப்பாள்.

"துன்னு கிட்டு அண்ணா. கரண்ட்ட பத்தி அப்பறம் பேசலாம்."

நான் சாப்பிட்டேன். காரமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது காரத்தால் வந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. செல்வம்மாளைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்த ஈவியிடம், "என்மேல எதாவது கோவமா ஈவி?" என்று கேட்டேன்.

"உன்மேல கோவப்பட்டா யார்கூட ஜோக் அடிக்கிறது? விடு, போ" என்றாள்.

*

ராகவேந்திராவுக்குப் போன் செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவர் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கியிருந்தார். தினமும் ரயிலில்தான் போய்வந்தார். தாம்பரத்தில் வண்டி மாறுமிடத்தில் பார்க்கச் சொன்னார். நடைமேடையில், டீக்கடைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். அவர் வந்ததும், ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால், மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். ஐஸ்கிரீம், கைக்குட்டை, குமிழ், எல்லாம். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே ஒரு டவுட் இருந்துச்சு கிட்டு. மொதல் சரணம் அந்தம்மா லைவ்தான். மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு."

"அப்ப ஏன் சார் கெளம்பிட்டீங்க?"

"உங்க ஆளே மைக்ல சொன்னாரே, ரெக்கார்டிங்னு. நான் என்ன பண்ணட்டும்?"

"இப்ப நீங்க சொல்லலாமே. இப்ப தெரிஞ்சிடுச்சு இல்ல."

அவர் காகிதக் கப்பை நசுக்கினார். "எங்க மியூசிக் டைரக்டர் சாருக்கு அந்த வீடியோவ யாரோ காமிச்சிட்டாங்க. சிரிச்சிட்டார். போன வாரம் பாட்டு முடிஞ்சிடுச்சு. பெரம்பூர்ப் பொண்ணு ஒண்ணு, மூக்கால இழுத்து, நாக்க கொஞ்சம் மடிச்சு, அப்டியே ஆப்பிரிக்காக்காரி மாதிரி பாடிடுச்சு." கைபேசியை என் காதில் வைத்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஈவி அப்படிப் பாடமாட்டாள். எந்த ஆப்பிரிக்காக்காரியும் அப்படிப் பாடுவாளா என்று தெரியவில்லை.

"நான் அடுத்த நாளே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? நம்ம கைல என்ன இருக்கு. விடுங்க கிட்டு." வண்டி வந்தது. ஏறிக்கொண்டார். நகரும் வண்டியிலிருந்து கையும் காட்டினார். நல்ல மனிதர்.

*

அதன்பிறகு ஈவிக்குக் கச்சேரி வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கச்சேரி இல்லை. கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே ஒரு மனைப்பிரிவுத் திறப்பு விழா. பொட்டல் முழுக்கக் கலர்க்கொடிகள், எண் எழுதிய கற்கள், நுழைவாயிலில் பிளைவுட் யானைகள். தாம்பரத்திலிருந்து இலவச பஸ், மதியம் பிரியாணி. மனை பார்க்க வருகிறவர்கள் வெயிலில் சோர்ந்து போகாமல் இருக்க ஆப்பிரிக்க நடனம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

தேவானந்தம் சார் ஒரு பையை நீட்டினார். நாடக உடை வாடகைக் கடையில் எடுத்தது. நார்ப் பாவாடை, இறகுக் கிரீடம், முகத்தில் புள்ளி வைக்க வெள்ளைச் சாந்து.

"இது எந்த ஊரு டிரஸ் சார்?" என்று ஈவி கேட்டாள்.

"உங்க ஊருதாம்மா. ஆப்பிரிக்கா."

"எங்க ஊர்ல நான் ஜீன்ஸ்தான் போட்டுகினு இருந்தேன்."

"அட, ஜனங்களுக்கு அது எப்டிம்மா தெரியும்? இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்க." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கிட்டு, அந்த ஹோல்டான் பாட்டு ப்ளஸ் இருக்கு இல்ல? அதையே போட்டுடு. அவ வாய மட்டும் அசைக்கட்டும். வீடியோ எல்லாரும் பாத்துட்டாங்க, லைவ்னு சொன்னா சிரிப்பாங்க. கார்ட்லெஸ்ல பேட்டரிய எடுத்துட்டுக் குடு. தப்பித்தவறி எதாவது கேட்டுடப் போகுது."

நான் மைக்கைத் திருகி பேட்டரிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறைவாகத்தான் எடுத்தேன். ஈவி கண்ணாடியில் புள்ளி வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். மைக்கை வாங்கும்போது கையில் கனத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். 

பஸ் வந்து இறங்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருமுறை ஆட வேண்டும். முதல் கூட்டம் வந்தது. லேப்டாப்பிலிருந்து ஈவி பாடினாள். மேடையில் ஈவி வாயசைத்தாள். கச்சிதமாக அசைத்தாள், பதிவில் எங்கே மூச்சு எடுத்தாளோ அங்கே மூச்சு எடுத்தாள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கைதட்டினார்கள். தேவானந்தம் சார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். ஒரு பெரியவர் அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் கிரீடத்து இறகைத் தொட்டுப் பார்த்து, "ஒரிஜினலாம்மா?" என்று கேட்டார்.

அடுத்த பஸ் வரும்வரை ஷாமியானாவுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். வெள்ளைப் புள்ளிகள் வியர்வையில் கரைந்து கன்னத்தில் கோடுகளாக இறங்கியிருந்தன. மோர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் குடித்தாள்.

"நீ இதுக்கு வராம இருந்திருக்கலாம் ஈவி" என்றேன்.

"வராம? அவருக்கு ஏசி வேலை தெனமும் இருக்காது. இது ஒண்ணுதான் கூப்ட்டாங்க."

"ராகவேந்திராவப் பாத்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"ஒரு மூணு வாரம் கழிச்சு."

அவள் தலையை ஆட்டினாள். தூரத்தில் யாரோ மனை எண்களை ஒலிபெருக்கியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கு மூலை, கிழக்குப் பார்த்த மனை. நான் ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். ஆப்பிரிக்க நடனத்துக்குத் தாளம் போடும் மாம்பாக்கத்து கிட்டு என்று ஏதோ. பாதியில் எனக்கே பிடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

"ஈவி, எல்லாரும் விடு விடுன்னாங்க. தேவா சார் சொன்னார், வூட்ல சொன்னாங்க, ராகவேந்திரா சொன்னார். நீயும்தான் சொன்ன. நிஜமா சொல்லு. என்னாலதான் உனக்கு அந்தப் பாட்டு போச்சா?"

கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத்தில் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். நான் எப்போதும் அதற்குத்தான் காத்திருப்பேன்.

"ஆமா" என்றாள்.

மனை எண் படிக்கிற சத்தம் நின்றிருந்தது.

"உன்னாலதான் போச்சு. ஐஸ்கிரீம் கொட்டுனது இல்ல, அது யாருக்கு வேணா கொட்டும். தேவா சார் பொய் சொன்னாரு, அது அவரு பொழப்பு. ஆனா அவரு சொல்லிட்டு மைக்க உன் பக்கத்துலதான் வச்சாரு. ஆன்ல இருந்துச்சு. ராகவேந்திரா சார் இன்னும் வாசல தாண்டல. நீ எடுத்து, நான்தான், என் கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நான் உன்னயே பாத்துகினு நின்னேன் கிட்டு அண்ணா. நீ கை தொடச்சிகினு இருந்த."

கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்து, மோவாய்க்குக் கீழே நாடாவை முடிந்தாள். பேட்டரி இல்லாத மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பஸ் வந்துடுச்சு. போ, ட்ராக்கப் போடு. கூப்புடுறாங்க."